கோபப்படும் ரத்தம்

கலவைக்காரர் அன்று காலை இரண்டு தடவை குளித்தார். முதல் தடவை தலையிலும் காது மடலிலும் ஒட்டியிருந்த மில் தூசி போக. இரண்டாவது தடவை எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சோப்பு கரைந்து சில்லாகிற வரைக்கும் தேய்த்தார். பழைய பல் பிரஷ்ஷால் நகக்கண்களைத் தேய்த்தார். கவர் பிரிக்காமல் வைத்திருந்த சட்டையை எடுத்து, மடிப்புகளில் குத்தியிருந்த குண்டூசிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டார். ஒரு ஊசி காலரிலேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அது கழுத்தில் குத்திக்கொண்டே வந்தது. மனிதருக்கு உறைக்கவில்லை.

கொஞ்ச நாளாகவே அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. மில்லில் யாராவது கேலி பேசினால் சிரிப்பார், சிரித்து முடித்துவிட்டு எதற்குச் சிரித்தோம் என்று யோசிப்பார். பசிக்கிறது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிற மனிதன் வேறு எப்படி இருப்பான், நீங்களே சொல்லுங்கள்.

வீடு வாசல் இல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி சொந்த வீடு இருக்கிறது. அங்கே பெண்டாட்டி இருக்கிறாள், பத்தொன்பது வயதுப் பையன் இருக்கிறான், இவருடைய கட்டில்கூட விரித்த விரிப்போடு இருக்கிறது. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. அவர் வெளியே இருப்பது ரத்தப் பரிசோதனைக்காக.

விளக்கமாகச் சொன்னால்தான் புரியும். அவருக்கு மாட்டுத்தீவன மில்லில் வேலை. சோளம், தவிடு, புண்ணாக்கு, உப்பு எல்லாவற்றையும் ஒரு ராட்சத உருளைக்குள் கொட்டிச் சுழலவிட வேண்டும். அதனால்தான் கலவைக்காரர் என்று பெயர். சம்பளம் போடுகிற ஆள்கூட அப்படித்தான் கூப்பிடுவான். உருளையைத் திறந்தால் எதிரில் நிற்பவன் முகம் தெரியாத அளவுக்குத் தூசி எழும்பும். மழைக்காலத்தில் மூட்டைக்குள் சோளம் நமுத்துப்போய்ப் பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கும். அதைக் கையாலேயே பிரித்துத் தள்ளிவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

பையனுக்குப் பயில்வான் என்று பட்டப்பெயர் வைத்தது இவர்தான். பிறந்தபோதே ஒரு கைக்குள் அடங்குகிற சைஸ். இப்போதும் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். "காத்தடிக்குது பயில்வான், கம்பத்தைப் பிடிச்சுக்கோ" என்பார் இவர். "நீங்க முன்னாடி நில்லுங்கப்பா, காத்தே வழிமாறிப் போயிடும்" என்று அவன் இவர் தொந்தியைக் காட்டுவான். அந்த வீட்டில் கொஞ்சல் என்றால் இப்படித்தான்.

அவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். வாயில் நுழையாத அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை, "சளி" என்று சுருக்கிவிடுவார்கள். நெஞ்சுக்குள் சளி இளகாமல் பசையாய்க் கட்டிக்கொள்ளும் பிறவி வியாதி. அதைப் பெயர்த்தெடுக்கக் காலையும் மாலையும் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு முதுகில் தட்ட வேண்டும். பால்குடி நாளிலிருந்தே தட்டியது இவர் கைதான். மூட்டை தூக்கிய கை என்றாலும் முதுகில் விழும்போது வலிக்காது, ஆனால் உள்ளே போய்ச் சேரும்.

இரண்டு வருஷமாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது. வந்த மாதமே பையனின் இருமல் அடங்கியது, மாடிப்படி ஏறினான், விசிலடித்தான். அந்த மாத்திரை நம்மைப்போன்றவர்கள் கடையில் போய் வாங்குகிற ரகமில்லை. மில்லில் போட்டிருக்கும் இன்சூரன்ஸ் கொடுக்கிறது. வேலை உள்ளவரை மாத்திரை. "அந்தத் தூசி பிடிச்ச வேலையை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்று நீங்களும் கேட்கப்போகிறீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டு முடித்தாகிவிட்டது. ஆபீஸ் பக்கம் மாற்றிக்கொடுங்கள் என்று மானேஜரிடம் போய் நின்றும் பார்த்தார். "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றான் அவன். தெரியாது. அதோடு சரி.

போன மழையில் பயில்வானுக்குத் திரும்பவும் மூச்சு இரைத்தது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. நெஞ்சு டாக்டரம்மாவுக்குப் பூஞ்சை மேல் சந்தேகம். சந்தேகம் வந்து என்ன செய்வது? முன்பெல்லாம் சளியைத் துப்பச் சொல்லி, தட்டில் வளர்த்து, வாரக்கணக்கில் காத்திருந்து பார்ப்பார்களாம். மாத்திரை சாப்பிட்ட பிறகு தட்டில் வளர்க்கிற அளவுக்குப் பையனுக்குச் சளி வெளியே வருவதில்லை. நல்லது வந்தால் அதற்குள்ளேயும் ஒரு வினை. அப்போதுதான் டாக்டரம்மா புது ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார்.

"பூஞ்சை காத்துல எங்கயும் இருக்கு. உங்க நெஞ்சுலயும் போகும், என் நெஞ்சுலயும் போகும். இவனை மாதிரி உள்ளவங்களுக்கு அது உள்ளேயே தங்கிடும். சிலபேருக்கு சும்மா குடியிருக்கும். சிலபேருக்கு உடம்பு அதோட மல்லுக்கு நிக்கும். அந்தச் சண்டையிலதான் நுரையீரல் கெடுது. இவன் எந்த ரகம்னு ரத்தத்தைக் கேட்டா சொல்லிடும். எடுத்த ரத்தம் உயிரோட இருக்கும்போதே ரெண்டு பங்காப் பிரிப்போம். ஒண்ணுல பூஞ்சைச் சாறு ஒரு சொட்டு, இன்னொண்ணுல வெறும் தண்ணி மருந்து. சாறு விட்ட பங்குல அணுக்கள் கோபப்படுதான்னு மிஷின் பாக்கும். காலையில குடுத்தா மத்தியானத்துக்குள்ள பதில்."

அன்றைக்கு ரத்தம் நன்றாகவே கோபப்பட்டது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பயில்வானின் முகம் பூரித்து வீங்கியது, சர்க்கரை ஏறியது, ராத்திரி தூக்கம் போனது. "ஒருவழியா பேருக்கேத்த உடம்பு வந்துடுச்சு" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதான். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஆனால் பூஞ்சை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் திரும்பத் திரும்ப இதே கதைதான்.

அம்மாக்காரி வீட்டையே கவிழ்த்துப் போட்டாள். ஈரச் சுவரைச் சுரண்டிப் புதுப் பூச்சு, பூந்தொட்டிகள் தெருவுக்கு, ஜன்னல் திரை குப்பைக்கு, ஏசி பெட்டிக்குள் கையை விட்டு அலசல். அவள் அத்தனையையும் சொல்லி முடித்த பிறகு டாக்டரம்மா இவரைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். கலவைக்காரர் சொன்னார்.  வீட்டைச் சுரண்டிப் பூசலாம், புருஷனை என்ன செய்வது?

கடைசியில் டாக்டரம்மா சொன்ன வழி இதுதான். மூன்று மாதம் அப்பா வீட்டில் இருக்கக் கூடாது, பையனும் அவர் பக்கத்தில் போகக் கூடாது. அதன் பிறகு திரும்ப ரத்தம் பார்ப்பது. ரத்தம் அமைதியாகிவிட்டால் மில் தூசிதான் எதிரி, அப்பா வெளியே இருக்க வேண்டியதுதான். அப்போதும் ரத்தம் கோபமாகவே இருந்தால் மில் காரணமில்லை, அப்பா வீட்டுக்குத் திரும்பலாம், வேறு எங்காவது தேட வேண்டும்.

அந்த மூன்று மாதம் முடிந்த காலைதான் இது.

ஆஸ்பத்திரியில் இந்த வியாதிக்காரர்களை ஒருவரோடு ஒருவர் சேரவிட மாட்டார்கள். ஒருவர் நெஞ்சுக் கிருமி இன்னொருவருக்கு எமன். அதனால் ஆளுக்கொரு கண்ணாடி அறை. பயில்வான் முகக்கவசத்தோடு அவன் அறைக்குள் உட்கார்ந்திருந்தான். அம்மா வெளியே வராந்தா நாற்காலியில். இவர் வந்ததும் அவள் எழுந்தாள், எழுந்தவள் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள். இவரும் நடுவில் ஒரு நாற்காலி விட்டுத்தான் உட்கார்ந்தார். கட்டிய பெண்டாட்டி பக்கத்தில் உட்கார அளவு பார்க்கிற நிலைமை.

"இளைச்சுட்டீங்க" என்றாள் அவள்.

"சட்டை பெருசு."

"சாப்பிடறீங்களா, இல்ல டீயைக் குடிச்சே ஓட்டறீங்களா?"

"சாப்பிடறேன்."

ரத்தம் எடுக்கிற பெண் குப்பிகளோடு வந்தாள். பயில்வான் சட்டைக் கையை மடித்து நரம்பை அவனே காட்டினான். "இதுல எடுங்கக்கா. அந்தப் பக்கத்து நரம்பு கோவிச்சுக்கிட்டு உள்ள போயிடும்." அவள் சிரித்தாள். குப்பி நிறைந்தவுடன் மூடி, கையிலேயே பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இந்த ரத்தம் ஆறிப்போனால் பயனில்லை, உயிரோடு மிஷினுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பிறகு காத்திருப்பு.

"கட்டிலைத் துடைச்சு வெச்சிருக்கேன்" என்றாள் அவள் கொஞ்ச நேரம் கழித்து. "தலையணை புதுசு. ஒருவேளை இன்னிக்கே வரச் சொன்னாங்கன்னா..."

"வரச் சொன்னா அவனுக்கு இன்னும் சரியாகலன்னு அர்த்தம்."

"தெரியும். தெரியாமலா சொல்றேன்?" என்றாள். "எதை வேண்டிக்கறதுன்னே தெரியலீங்க. அவனுக்கு நல்லா வரணும்னு வேண்டினா நீங்க வரக் கூடாதுன்னு வேண்டின மாதிரி ஆகுது. நீங்க வரணும்னு நினைச்சா, பெத்தவளா நான்? நீங்க என்ன நினைச்சுக்கறீங்க?"

"ஒண்ணும் நினைக்கல."

அவர் எதையும் நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தார். எதிர்ச்சுவரில் ஒரு ஓடு லேசாகப் பிளந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன ஜென்மம் என்று அவள் நினைத்திருப்பாள். பாவம், அவளுக்குத் தெரியாத ஒன்று இவருக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்கிற பயலுக்கும் தெரியும்.

பயில்வான் ஞாயிற்றுக்கிழமைதோறும் டயர் கடை மாடிக்கு வந்துகொண்டிருந்தான்.

முதல் தடவை வந்தபோது இவர் கதவை முழுசாகத் திறக்கவில்லை. "இங்க வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல? போடா" என்று இடுக்கு வழியாகவே விரட்டினார்.

"ஒரே ஒரு தடவைப்பா. நெஞ்சு இறுகிப்போச்சு. தட்டிவிடுங்க, போயிடறேன்."

"அம்மா தட்டறாள்ல?"

"அம்மாவா? வலிச்சுடுமோன்னு பயந்து பயந்து தட்டுது. தொட்டில் ஆட்டற மாதிரி இருக்கு. பாதியிலயே தூங்கிடறேன்."

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், தொலைந்தது. சிரித்த பிறகு எந்தத் தகப்பன் கதவைச் சாத்துவான்? புது விரிப்பை விரித்தார், கையை முழங்கை வரைக்கும் கழுவினார், ஜன்னலைத் திறந்துவைத்தார். தட்டினார். பையன் இருமினான், நெஞ்சு இளகியது, எழுந்து உட்கார்ந்து, "அப்பாடா, இப்பதான் ஞாயித்துக்கெழம மாதிரி இருக்கு" என்றான். அடுத்த வாரம் "ஒரே ஒரு தடவை" திரும்ப வந்தது. அதற்கடுத்த வாரம் அப்படிச் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டான். வீட்டில் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். இவரும் சனிக்கிழமை ராத்திரியே தரையைத் துடைத்துவைக்க ஆரம்பித்தார். வாரம் முழுக்கச் செத்துக்கிடந்த மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

தரையைத் துடைத்து என்ன செய்வது? வீட்டில் இருந்தபோதாவது மில் துணியை வாசலிலேயே கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டு உள்ளே போவார். இங்கே இருப்பதே ஓர் அறை. அத்தனை உடுப்பும் கட்டிலுக்கு மேலே ஆணியில்தான் தொங்கும். அதற்குக் கீழேதான் பிள்ளை குப்புறப் படுத்து ஆழமாக மூச்சு இழுத்தான். இது அவர் புத்திக்கு எட்டாமல் இல்லை. எட்டியது, ஆனால் உறைக்கவில்லை. உறைக்கவிட்டால் பையனை வராதே என்று சொல்ல வேண்டும்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ரத்தம் அமைதி என்று மட்டும் வந்துவிடட்டும். அப்போது துணிந்து சொல்லிவிடலாம்: இத்தனை ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்தும் இவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எப்படி என் தூசி காரணமாகும்? அவள் திட்டுவாள், திட்டட்டும். பையனும் சுகம், தானும் வீடு. இந்த ஒரு கதவு திறந்தால் போதும். கோபம் என்று வந்தால் திறக்கிற இன்னொரு கதவைப் பற்றி நினைக்காமல் இருப்பதற்குத்தான் சுவர் ஓட்டின் பிளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து பயில்வான் அனுப்பியிருந்தான். "எது வந்தாலும் வாயைத் திறக்காதீங்கப்பா." நிமிர்ந்து பார்த்தார். அவன் எங்கேயோ பார்ப்பதுபோலத் தலையைச் சொறிந்தான்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவின் அறையில் ஜன்னலோரம் பயில்வானுக்கு ஒரு நாற்காலி, மேஜைக்கு முன்னால் அம்மாவுக்கு ஒன்று. கலவைக்காரர் கதவோரமாக நின்றுகொண்டார். டாக்டரம்மா சுற்றி வளைக்கிறவர் இல்லை.

"கோபமாத்தான் இருக்கு. போன தடவையைவிட அதிகமா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பயில்வான் தரையைப் பார்த்தான். இனி மறுபடியும் ஸ்டீராய்டு, மறுபடியும் வீங்கின முகம், சர்க்கரை, தூக்கமில்லாத ராத்திரி. 

"மருந்தை நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இதுல ஒரு விஷயம் தெளிவாயிடுச்சு. அப்பா மூணு மாசமா பக்கத்துலயே இல்ல. அப்பவும் இப்படின்னா மில் தூசி இல்ல. வீட்டுலதான் எங்கயோ நமக்குத் தெரியாம இருக்கு. ஆள் அனுப்பிச் சுவரு, கூரையெல்லாம் பாக்கச் சொல்றேன்." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, இத்தனை மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "பாவம், உங்களை அநியாயமா வெளிய வெச்சுட்டோம். இன்னிக்கே வீட்டுக்குப் போங்க."

"இன்னிக்கேவா?" என்றாள் அம்மா. அழுகை கண்ணிலேயே இருந்தது, அதோடு முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்ததற்கு வெட்கப்பட்டு மகனைப் பார்த்தாள். அவன் முகக்கவசத்துக்கு மேலே கண்ணாலேயே சிரித்து, "போங்கப்பா, மூட்டையைக் கட்டுங்க" என்றான். சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி இவரிடம் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினான். சொல்லாதீங்க.

பேசாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? யார் கேட்கப்போகிறார்கள்? புதுத் தலையணை, துடைத்த கட்டில், காலையில் பெண்டாட்டி கையால் டீ. ஒருவேளை சுவரில் நிஜமாகவே ஏதாவது இருந்தாலும் இருக்கும். டாக்டரம்மாவே போகச் சொல்கிறார், இதில் இவர் குற்றம் என்ன? இப்படியெல்லாம் நீங்களும் நானும் நினைப்போம். கலவைக்காரரும் நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது. லாரிக்காரனிடம் 'இந்த லோடு ஈரம், இறக்க முடியாது' என்று சொல்வாரே, அதே குரல்.

"டாக்டர், இந்தப் பரிசோதனை செல்லாது."

"என்னது?"

"இவன் என் ரூமுக்கு வந்துக்கிட்டுதான் இருந்தான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. நான்தான் தட்டிவிட்டேன்."

"அப்பா!" என்று பயில்வான் எழுந்தேவிட்டான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலாம். "எவ்வளவு நேரம் இருப்பான்?"

"ஒரு மணி நேரம்."

"உங்க மில் துணியெல்லாம் எங்க இருக்கும்?"

"ஆணியில. கட்டிலுக்கு மேல."

"இவன் எங்க படுப்பான்?"

"கட்டில்லதான்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். கொஞ்சம் முன்பு எழுதியதை அடித்தார். "சரி. அப்ப நமக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது. மருந்து முடிஞ்சதும் திரும்ப மூணு மாசம். இந்தத் தடவை நிஜமா. ஒரு தடவைகூட, ஒரு நிமிஷம்கூடக் கூடாது." பயில்வானைப் பார்த்தார். "உன்கிட்டயும்தான் சொல்றேன்."

அவன் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான்.

வராந்தாவில் அவன் அந்தக் கோடியில் போய் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். கலவைக்காரர் இந்தக் கோடி. நடுவில் அவள். யாரிடம் முதலில் போய்க் கத்துவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு புருஷனிடமே வந்தாள்.

"லைப்ரரிக்குப் போறேன், லைப்ரரிக்குப் போறேன்னு சொன்னான். படிப்பு மேல திடீர்னு இவ்வளவு பிரியமான்னு பூரிச்சுப்போனேனே! ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க."

"ஆமா."

"தினம் கை கடுக்கக் கடுக்கத் தட்டினேனே! 'நல்லாயிருக்கும்மா, நல்லாயிருக்கும்மா'ன்னான், பாவிப்பய. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் தட்டறது பத்தலன்னு சொன்னா நான் என்ன செத்தா போயிடுவேன்?"

 அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபம் தீரவில்லை, ஆனால் அது கொஞ்சம் வேறு பக்கம் திரும்பியது.

"சரி, இத்தனை நாள் மறைச்சீங்க. இன்னிக்கு மட்டும் எதுக்கு வாயைத் திறந்தீங்க? சும்மா இருந்திருந்தா இந்நேரம் மூணு பேரும் ஒண்ணா பஸ் ஏறியிருப்போம்."

"ஏறியிருப்போம்."

"அப்புறம்?"

"அப்புறம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இல்ல. தினமும் அவன் பக்கத்துல நான் இருந்திருப்பேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையை நாற்காலியில் வைத்தாள். திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள்.

"தட்டுங்க."

"என்னது?"

"எப்படித் தட்டுவீங்கன்னு எனக்குக் காட்டுங்க. இனிமே நான்தானே."

"இங்கயா? ஆளுங்க போறாங்க வராங்க."

"போகட்டும், வரட்டும். தட்டுங்கன்னா."

கலவைக்காரர் உள்ளங்கையைக் குழித்தார். முதல் தட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது விழுந்தது. "விரலை ஒட்டி வெச்சுக்கணும். காத்து உள்ள அடைபடணும். மணிக்கட்டு தளர்வா. சத்தம் டொப்பு டொப்புன்னு வரணும், பளார்னு வந்தா தப்பு." அவள் தலையாட்டினாள். வார்டிலிருந்து வந்த ஆயா ஒருத்தி, இந்த அம்மாவுக்கு என்னமோ புரையேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். "ஒண்ணுமில்லம்மா, பாடம் நடக்குது" என்றாள் இவள். ஆயா இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப இன்னும் பலமா தட்டணும். பயப்படக் கூடாது. வலிச்சா அவனே சொல்லுவான்."

அந்தக் கோடியில் பயில்வான் திரும்பியிருந்தான். முகக்கவசம் நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. கிட்டே வர ஓர் அடி எடுத்துவைத்தவன் நினைவு வந்து நின்றுகொண்டான். "இன்னும் கீழப்பா" என்று அங்கிருந்தே சொன்னான். "அம்மாவுக்கு அந்த இடத்தைக் காட்டிக்குடுங்க. விலா முடியற இடத்துல, இடது பக்கம். அங்கதான் எனக்கு எப்பவும் கட்டிக்கும்."

இவர் கையை அந்த இடத்துக்கு இறக்கினார். பெண்டாட்டியின் முதுகு சூடாக இருந்தது. தட்டத் தட்ட அவருக்குக் கண்ணில் நீர் வந்து, புதுச் சட்டையில் சொட்டியது. மூன்று மாதத்தில் இப்போதுதான் அழுகிறார். கை மட்டும் தாளம் தப்பாமல் விழுந்துகொண்டிருந்தது.

"புரிஞ்சுடுச்சு. போதுங்க" என்றாள் அவள்.

அவர் கையை எடுக்கவில்லை. அவளும் நகரவில்லை.